ஆழப் பக்கம் எட்டடி

"மேடம், இந்த ஆழப் பக்கம் எட்டடி இருக்கு. மண்ணைக் கொட்டி, மேல கான்கிரீட் போட்டு நாலடியாக்கிடலாம். வீட்டுக்கு அது போதும்."

காலிக் குளத்துக்குள் நின்று அண்ணாந்தபடி சொன்னார் பஷீர் அஹமது. ஓசூரில் பதினெட்டு வருஷமாக நீச்சல் குளம் கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் அவருக்குத் தொழில்.

மேலே நின்றிருந்த வீட்டுக்காரி சரிதா, "வேண்டாம் பாய். எட்டடி அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

"அப்போ இந்த வெந்நீர்த் தொட்டி? ஹீட்டர் மொத்தமும் துருவாப் போச்சுங்க. இடிச்சு எடுத்துடலாமா?"

"அதையும் ஓட வைங்க. எட்டுப் பேர் உட்காரலாமில்ல?"

"தாராளமா உட்காரலாம்."

"மார்கழிக் குளிருக்குள்ள ரெடியாகணும்."

தொரப்பள்ளி போகிற வழியில் தனியாக நிற்கும் வீடு. குளம் ஆறு வருஷம் சும்மா கிடந்திருக்கிறது. முழங்கால் அளவு பச்சைச் சேறும் தைல மர இலையும் அள்ளவே பஷீருக்கும் அவருடைய ஆள் முனிவேலுக்கும் மூன்று நாள் ஆகியிருந்தது. வெந்நீர்த் தொட்டியில் தண்ணீர் பீய்ச்சும் துளைகளில் குளவி கூடு கட்டியிருந்தது.

அன்று மத்தியானம் பக்கத்து ரோஜாத் தோட்டக்காரர் திருமலை வேலியோரம் வந்து நின்றார்.

"குளத்தை ரெடி பண்றீங்களா பாய்?"

"ஆமாங்க."

"அந்தம்மாவுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா இல்லீங்களா?"

பஷீருக்குப் புரியவில்லை.

"விஷயம் தெரியாதா உங்களுக்கு? அவங்க பொண்ணு ஸ்வாதி இதே குளத்துலதானுங்க போச்சு. நாலு வயசு. பொறந்தநாளு அன்னிக்கு, அந்த ஆழப் பக்கத்துல. சத்தம் கேட்டு நானும் ஓடினேன். என்னா பண்றது, எல்லாம் முடிஞ்சு போச்சு."

பஷீர் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"புருஷன் இந்த வீடே வேண்டாம்னு பெங்களூர்ல இருக்காரு. இந்தம்மா என்னடான்னா குளத்தைத் தேய்ச்சுக் கழுவிக் குளிக்கப் போவுது. அதுல வெந்நீர் வேற!"

ராத்திரி சாப்பிடும்போது மனைவி காத்தூனிடம் சொன்னார்.

"பெத்தவளா அவ? வேலையை விட்டுட்டு வாங்க" என்றாள் காத்தூன், மடியில் தூங்கிப்போன மகள் நாஸியாவை இன்னும் இறுக்கிக்கொண்டு.

"பாதியில விட்டா தொழில்ல பேர் கெட்டுடும்."

ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில் சரிதாவிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு. நானா இருந்தா இந்தக் குளத்தை என்னிக்கோ மண்ணு போட்டு மூடியிருப்பேன்."

சரிதா குனிந்து, பெயர்ந்து கிடந்த டைல் ஒன்றை எடுத்தாள்.

"என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னாரு" என்றாள். "டைல்ஸ் எப்போ வருது பாய்?"

அன்றிலிருந்து அந்த வீட்டு டீயை பஷீர் தொடவில்லை. வேலையை மட்டும் பார்த்தார். ஆசிட் ஊற்றித் தேய்த்தார். பெயர்ந்த டைல்ஸை மாற்றினார். புது மோட்டார் வைத்து, வடிகட்டியில் புது மணல் நிரப்பினார். கடைசியாக ஹீட்டரைப் போட்டபோது வெந்நீர்த் தொட்டி குபுகுபுவென்று நுரைத்தது. முனிவேல் கைதட்டினான். பஷீர் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்.

"ஞாயித்துக்கிழமை காலைல ஒரு தடவை வந்துட்டுப் போங்க பாய். ஹீட்டர் தாங்குதான்னு பாக்கணும்" என்றாள் சரிதா.

வேண்டாவெறுப்பாகத்தான் போனார். ஏழரை மணிக்கும் பனி விலகவில்லை. கேட்டுக்கு உள்ளே இருபது முப்பது ஜோடி செருப்புகள் கிடந்தன. பின்பக்கத்திலிருந்து ஒரே கூச்சல், சிரிப்பு.

'பார்ட்டி வேறயா!' என்று முணுமுணுத்தபடி பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

குளம் நிறையப் பிள்ளைகள். ரோஜாத் தோட்டத்து வேலைக்காரர்களின் பிள்ளைகள், கம்பெனி லைன் வீட்டுப் பிள்ளைகள். திருமலையின் பேத்திகூட இருந்தாள். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண், கன்னடமும் தமிழுமாக, "காலை உதை! மூச்சை விடு!" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஆழம் தொடங்குகிற இடத்தில் குறுக்கே கயிறு. குளிரில் வெடவெடத்துக் கரையேறிய பிள்ளைகளை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்திருந்தார்கள். எட்டுத் தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன.

பிள்ளைகளுக்கு நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை உதைத்துக்கொண்டிருந்தாள் சரிதா.

அவரைப் பார்த்ததும் மூச்சு வாங்கக் கரையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

"ஹீட்டர் நல்லா ஓடுது பாய். ஆறு வாரத்துல எல்லாரையும் கயித்தைத் தாண்டி விடணும். இங்க இருக்கிற கல்குவாரிப் பள்ளமும் ஏரியும் நாலடியோட நிக்குதா என்ன?"

"மேடம்... அன்னிக்கு நான் பேசினது..."

"அதை விடுங்க. இதுவரைக்கும் எத்தனை குளம் கட்டியிருப்பீங்க?"

"நூறு இருக்கும்."

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

பஷீர் தண்ணீரைப் பார்த்தார். "தெரியாதுங்க."

"ஸ்வாதி பொறந்தநாள் அன்னிக்கு இந்தக் கரையில நாங்க பதினேழு பேர் நின்னோம் பாய்" என்றாள் சரிதா. "எங்கள்லயும் ஒருத்தருக்கும் தெரியல."