மஞ்சள் வாய்க்குழாய்

"வாரைப் போடாம முகத்துல வெச்சு, மூக்கால மூச்சை இழுங்க சார். ஒட்டிக்கிட்டு நின்னா அதுதான் உங்க அளவு" என்கிறாள் கடைக்காரி. அவர் உறிஞ்சுகிறார். நீச்சல் முகமூடி மீசையோரம் காற்றை விட்டுவிட்டு, மூன்றாம் முறையாகத் தரையில் விழுகிறது. பக்கத்தில் மனைவிக்கு முதல் இழுப்பிலேயே ஒட்டிக்கொண்டது; கழற்றாமல் அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்தே அவரை முறைக்கிறாள். கடை முழுக்கப் புது ரப்பர் வாடை. இருவரும் காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. பெற்றோரைச் சேர்த்துவைக்க மகள் செய்த ஏற்பாடுதான் கடலுக்கடியில் நீந்தும் இந்தப் பயிற்சி.

"சரக்கு சரியில்ல" என்கிறார். "மீசையை எடுத்தா நிக்கும் சார்." மூக்கடைத்த குரலில் மனைவி சொல்கிறாள்: "மீசையை எடுக்க மாட்டாரும்மா. என் உயிரை வேணா எடுப்பாரு."

கடைக்காரி அவசரமாக மூச்சுக் கருவியைத் தூக்கி மேசைமேல் வைக்கிறாள். அதிலிருந்து இரண்டு குழாய்கள் தொங்குகின்றன. "கறுப்பு உங்களுக்கு. மஞ்சள், கூட வர்றவங்களுக்கு. தண்ணிக்குள்ள அவங்களுக்குக் காத்து தீந்துட்டா, இதை நீங்க கொடுக்கணும்."

மனைவி முகமூடியைக் கழற்றுகிறாள். கண்களைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். மஞ்சள் குழாயை விரலால் மெல்லத் தள்ளிவிடுகிறாள்.

"இது இல்லாம கிடைக்குமா?"

கடைக்காரி சிரிக்கிறாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அன்று முதல் தடவையாக அவர் மனைவியோடு ஒத்துப்போகிறார்.

"எனக்கும் அதே மாதிரி ஒண்ணு குடுங்க."