முதல்ல சாப்பாடு, அப்புறம் ஓட்டு

"ஒரு தட்டு பிரியாணிக்கு நம்ம ஜனத்தோட மானத்தையே வித்துட்டியேடி சாலாச்சி!"

பாக்கியம் போட்ட சத்தத்தில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களெல்லாம் வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கம்பி வேலி ஓரம் ஓடி வந்தார்கள். நிறவெறி அரசு இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் சண்டைக்கு யாரும் அழைப்பிதழ் அடிப்பதில்லை.

சாலாச்சி வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுக்கவில்லை. புருஷன் வீராசாமியின் ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

முந்தின நாள்தான் தேர்தல். பாக்கியத்தைக் கேட்டால், அது தேர்தலே இல்லை.

"வெள்ளைக்காரனுக்கு ஒரு சபை. கலப்பினத்தாருக்கு ஒரு சபை. இந்தியருக்குன்னு ஒரு சபை. மண்ணுக்கே சொந்தக்காரங்க கறுப்பர்கள், அவங்களுக்கு மட்டும் உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது. இந்த லட்சணத்துக்கு ஓட்டு ஒரு கேடா? யாரும் போகாதீங்கன்னு வீடு வீடா ஏறி இறங்கிக் கெஞ்சினேனே! உன் வீட்டுக்காரருக்குப் பதவிப் பேய் பிடிச்சிருக்கு, நிக்கிறாரு. சரி. நீ எதுக்குடி சட்டியைத் தூக்கிட்டுப் பின்னாலேயே போனே?"

சாலாச்சி கிளிப்பைச் சட்டையில் மாட்டினாள். "மெதுவாப் பேசு பாக்கியம். அவர் உள்ளேதான் இருக்கார்."

"இருக்கட்டுமே! எனக்கென்ன பயமா?"

பக்கத்து வீட்டு எல்லம்மா கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள். "பஸ் பஸ்ஸா வந்து இறங்கினாங்களாமே. வேலைக்குப் போயிட்டுத் திரும்பினவங்க, கிழவன் கிழவி, எல்லாரும். சாப்பாட்டுக் கூடாரத்துல கால் வைக்க இடமில்லையாம்."

"இல்லையாமா? நான் பார்த்தேன்! வாக்குச்சாவடி வாசல்ல பத்துப் பேர் தட்டி பிடிச்சு நின்னோம். சாயங்காலம் போலீஸ் நாயை விட்டு விரட்டிச்சு. என் செருப்பு ஒண்ணு இன்னும் அங்கேதான் கிடக்கு. ஓடும்போது திரும்பிப் பார்க்கிறேன், இந்த மகராணி கையில கரண்டியோட நிக்கிறா. சுத்தி அத்தனை ஜனமும் வாயைப் பிளந்துக்கிட்டு!"

"பசிச்சு வந்தவங்க பாக்கியம். ஒருத்தரையும் வெறும் வயித்தோட அனுப்பலே."

"வந்துட்டா பெரிய அன்னபூரணி!"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாக்கியத்துக்கு இன்னும் வேகம் கொடுத்தது.

"நல்லாக் கேட்டுக்கோ. அடுத்த ஞாயிறு உன் மக லோகாஷ்ணிக்குக் கல்யாணம். சனிக்கிழமை காய் நறுக்க இந்தத் தெருவுல இருந்து ஒரு கை வராது. பூசணிக்காயும் நீயும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருங்க."

சாலாச்சி அப்போதுதான் ஆடிப்போனாள். மண்டபத்தைக் காசு கொடுத்துப் பிடிக்கலாம், மேளத்தையும் பிடிக்கலாம். தெருப் பெண்கள் கத்தியும் பலகையுமாக வந்து உட்காராத வீட்டை எவரும் கல்யாண வீடு என்று சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதலில் விசாரிப்பதே அதைத்தான்.

ஏதோ சொல்ல அவள் வாயெடுத்தாள். சமையலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். விழுங்கிவிட்டாள்.

குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன? என்று பாக்கியம் நினைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. வீராசாமி வந்தார். தலை வாரவில்லை. நேற்றுப் போட்ட கோட்டையே இன்னும் கழற்றவில்லை, அதில் குத்தியிருந்த கட்சி ரிப்பன் பூவும் கசங்கித் தொங்கியது.

"கத்தாதே தங்கச்சி. ரேடியோவுல சொல்லிட்டான். நான் தோத்துட்டேன்."

"தோத்துட்டீங்களா? அத்தனை பேர் வந்தாங்களே அண்ணே!"

"வந்தாங்க. ஓட்டு வரலையே." கவிழ்த்து வைத்த தொட்டியின் மேல் உட்கார்ந்தார். "யோசனை என்னோடதுதான். முதல்ல சாப்பாடு, அப்புறம் ஓட்டு. உப்பிட்டவனுக்கு எவனும் துரோகம் பண்ண மாட்டான்னு கணக்குப் போட்டேன். சாப்பாட்டு வரிசையில நின்னவன் ஒருத்தன் நகரலே தங்கச்சி! ஓட்டுப் போட்டுட்டு வாங்கப்பான்னு கும்பிட்டேன். 'இடம் போயிடும் அண்ணே'ங்கிறான்."

"அதான் சாப்பிட்டாங்களே? சாப்பிட்டதும் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"சாப்பிட்டாங்க, சாப்பிட்டாங்க. ராத்திரி வாக்குச்சாவடிக் கதவைச் சாத்தின அப்புறம்."

வேலி ஓரத்துப் பெண்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

"பஸ்ஸோட போயிட்டுத் திரும்பி வரும்போதெல்லாம் இவகிட்ட கேட்டேன். 'தம் இறங்கலே, இன்னும் பத்து நிமிஷம்'னா. கடைசி பஸ் வந்தப்பவும் அதே பத்து நிமிஷம். மாவு வெச்சு ஒட்டின மூடி, உள்ளே என்ன நடக்குதுன்னு ஆம்பளை நான் என்னத்தைக் கண்டேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நீ எத்தனையோ விசேஷத்துக்குச் சட்டி வெச்சவ. எனக்கு ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வையேன். காலையில தம் போட்ட ஆட்டுக்கறி பிரியாணி, ராத்திரி வரைக்குமா வேகாம கிடக்கும்?"

பாக்கியம் சாலாச்சியைப் பார்த்தாள். சாலாச்சி கொடியில் கிடந்த சட்டைக் காலரின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். ரொம்ப ரொம்பக் கவனமாக.

பாக்கியம் தொண்டையைச் செருமினாள்.

"ஏண்டி சாலாச்சி, சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்? கத்தியெல்லாம் நாங்களே கொண்டாந்துடுவோம்."

"பலகை என்னோடது," என்றாள் எல்லம்மா.

"பூசணியை எனக்கு விட்டுடுங்க, வேற யாரும் தொடக் கூடாது," என்றது வேலிக்கு அந்தப் பக்கத்துக் குரல் ஒன்று.

வீராசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"நான் கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்!"