தெருவின் முதல் நட்சத்திரம்

"அம்மா, சீக்கிரம் வெளிய வாயேன்! திவினா பெரியம்மா வீட்டுல ஸ்டார் எரியுது!"

மகள் லிகாயாவின் குரல் கேட்டு, கையில் சோற்றுக் கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தாள் ரொவேனா. எதிர்வீட்டு மாடியில் ஆளுயர நட்சத்திரம் சிவப்பும் பச்சையுமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. திவினாவின் கணவர் நெஸ்தோர் ஏணியில் நின்று சீரியல் செட் கட்ட, கீழே இருந்து "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று திவினா அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

ரொவேனா கரண்டியை மகள் கையில் திணித்தாள்.

பிலிப்பைன்ஸில் செப்டம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடும். லிபா நகரத்தின் இந்தத் தெருவில், செப்டம்பர் ஒன்றாம் தேதி பொழுது சாய்ந்ததும் முதல் நட்சத்திரம் அவள் வீட்டில்தான் எரியும். ஒன்பது வருஷமாக அப்படித்தான். அதற்கு ஒரு நாள் முந்தி யாராவது பல்பைத் தொட்டால்கூட, "என்ன, கல்யாணத்துக்கு முன்னாடியே ஞானஸ்நானமா?" என்று மானத்தை வாங்கிவிடுவாள். இன்றைக்கு ஆகஸ்ட் பத்தொன்பதுதான் ஆகிறது!

விடுவிடுவென்று தெருவைக் கடந்தாள்.

"என்னக்கா இது? இன்னைக்கு என்ன தேதி?"

"பத்தொன்பது. ஏன், உங்க வீட்டுல காலண்டர் கிழிக்கலையா?"

"தெரிஞ்சேதான் பண்றீங்களா? செப்டம்பர் பிறக்க வேண்டாமா?"

"ஆசையா இருந்துச்சு, போட்டுட்டோம்." திவினா சாவகாசமாகச் சிரித்தாள். "நீ உன் வழக்கப்படி ஒண்ணாம் தேதி மெதுவா போடு. உனக்கு ஏணியில ஏறிக் கட்டவும் ஆள் இல்ல, பாவம்."

அந்தப் 'பாவம்' நெஞ்சில் தைத்தது. ஜீப்னி மினிபஸ் ஓட்டும் நெஸ்தோர் சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடுகிறார். இவள் கணவன் எட்கர் ஐந்து வருஷமாகச் சவூதியில், தமாமில் எலக்ட்ரீஷியன். ஊரார் வீட்டுக்கெல்லாம் விளக்குப் போடுகிறான், சொந்த வீட்டில் ஒரு பல்பு மாட்ட ஆளில்லை. நட்சத்திரத்தைவிட ஏணியில் நின்ற அந்த மனுஷரைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எட்கரைப் போனில் பிடித்தாள்.

"அந்தத் திவினா பண்ணின வேலையைப் பாத்தியா? ஆகஸ்டுலயே ஸ்டார் ஏத்திட்டா!"

"அப்படியா? நம்ம ஸ்டாரைவிடப் பெருசா?"

"பெருசுதான்! இப்ப அதுவா முக்கியம்?"

"விளக்கும் நம்மதைவிட நிறையவா?"

"நீ யார் பக்கம் பேசற? அவளுக்குப் புருஷன் பக்கத்துல இருக்கற திமிரு. நான் தனியா ஏறி விழுந்தாலும் தூக்கிவிட நாதியில்ல!"

"சரி, சரி. கோபப்படாத. பேசாம ஒண்ணாம் தேதி வரைக்கும் பொறுத்துக்கோ. தெருவுல ரெண்டாவதா போட்டா என்ன குறைஞ்சிடப் போகுது?"

"ரெண்டாவதா? நானா?" போனை வைத்தாள்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் பரணில் இருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கினாள்.

"அம்மா, செப்டம்பருக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கே?" என்றாள் லிகாயா.

"வாயை மூடிக்கிட்டு ஏணியைப் புடி."

குடில் வைத்தாள். மரத்துக்கு ஜிகினா சுற்றினாள். வீட்டிலிருந்த பழைய நட்சத்திரம் போதாதென்று கடைத்தெருவுக்குப் போய், திவினாவுடையதைவிட ஒரு சாண் பெரிதாகப் பார்த்து வாங்கி வந்தாள். சன்னல், கதவு, வேலி, கொய்யாமரம் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் விளக்குக் கட்டினாள். சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் தெருவே கூடிவிட்டது. திவினாவின் நட்சத்திரம் அதன் முன்னால் சோனியாகத் தெரிந்தது. ரொவேனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ட்ரைசைக்கிள் வாடகை வண்டி வந்து நின்றது. கயிறு கட்டிய பெரிய அட்டைப்பெட்டியோடு இறங்கினான் எட்கர்.

"அப்பா!" என்று லிகாயா பாய்ந்து ஓடினாள். ரொவேனா பின்னாலேயே போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஏன்யா ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"ரெண்டு தடவை வரேன்னு சொல்லி, லீவு ரத்தாகி உன்னை ஏமாத்திட்டேன். அதான் இந்தத் தடவை மூச்சு விடல. பத்தே நாள்தான். முப்பதாம் தேதி திரும்பணும்." எட்கர் வீட்டை மேலும் கீழுமாகப் பார்த்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "அஞ்சு வருஷமா இதைப் போன்லயே பாத்துட்டு இருந்தேன்."

"நல்ல காலம்! அவ மேல இருந்த ஆத்திரத்துல இன்னைக்கே எல்லாம் கட்டினேன். இல்லன்னா நீ வெறும் சுவரைப் பாத்துட்டுத்தான் போயிருப்ப."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள். நெஸ்தோர் தன் வீட்டு நட்சத்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, அதுக்குள்ள கழட்டறீங்க?"

திவினா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வந்த வேலை முடிஞ்சுது, கழட்டறோம். போன வாரமே எட்கர் தம்பி போன் பண்ணி, 'நான் கெஞ்சினாலும் அவ செப்டம்பருக்கு முன்னாடி ஒரு பல்பைத் தொடமாட்டா, நீங்க ஒரு ஸ்டார் போடுங்கக்கா, மறுநாளே வீடு முழுக்கக் கட்டிடுவா'ன்னு சொல்லிச்சே!"