டாங்கிக்குள் பெற்றோல்

"சாவியத் திருப்பாதீங்க மாமா! வேணாம், திருப்பாதீங்க!"

டினோஷா வானுக்கு முன்னால் பாய்ந்து, இரண்டு கைகளையும் அதன் நெற்றியில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

விடிந்தும் விடியாத மழை. வானுக்குள் அவளுடைய அக்கா இடுப்பு வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். கதிரவெளியிலிருந்து வாழைச்சேனை ஆசுபத்திரிக்கு நல்ல தூரம். அம்புலன்ஸ் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டு அல்பேட் மாமாவின் பழைய டீசல் வானை விட்டால் வேறு கதியில்லை.

மாமா சாவியில் கையை வைத்தபடியே தலையை வெளியே நீட்டினார்.

"என்ன புள்ள?"

"டாங்கிக்குள்ள... பெற்றோல்."



அக்காவின் புருஷன் மேர்வின் வானிலிருந்து குதித்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் கோபம் வந்தால் கண்மண் தெரியாது.

"ஆரு ஊத்தின? எந்த விசரன் ஊத்தினவன்?"

அல்பேட் மாமா இறங்கிப் போனார். டாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். மூடியைத் திரும்பப் பூட்டினார்.

"நான்தான்," என்றார். "இருட்டுக்குள்ள டீசல் கானால ஊத்தின நான். மோட்டச்சைக்கிளுக்கு வெச்ச பெற்றோல் கானும் இதே நிறம்தான். மாறிப் போச்சு போல."

 மாமாவின் நரைத்த தலையைப் பார்த்ததும் மேர்வினின் கோபம் அடங்கியது.

டினோஷாவின் தம்பி சுஜீவன்தான் விடவில்லை. எந்நேரமும் போனில் யுத்த டாங்கி விளையாடுகிறவன்.

"பெற்றோல் டாங்கிக்கு அடி பட்டா டப்பெண்டு பத்தும் மாமா. டீசல் டாங்கி லேசுல பத்தாது. ஆனா அதுக்குள்ள பெற்றோல ஊத்தினா, எதிரியே தேவையில்ல. எஞ்சின் தானாச் செத்திரும்."

"வாயப் பொத்திட்டுச் சட்டியக் கொண்டாடா," என்றார் மாமா, வானுக்கடியில் ஊர்ந்தபடி.

சேற்றில் மல்லாந்து கிடந்து டாங்கியின் அடி நட்டைக் கழற்றினார். சட்டி நிறைந்தது. மழையும் எண்ணெயும் அவர் முகத்தில் வழிந்தன. மேர்வின் ஓடிப்போய் முன்வீட்டு வினாயகமூர்த்தியண்ணனின் உழவு மிசினிலிருந்து டீசல் எடுத்து வந்தார். அந்த மனுஷனும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

"என்ன அல்பேட்டு, வெள்ளைக்காரனப் பாசிக்குடாக் கடலுக்கு ஏத்தி ஏத்தி, உன்ட வான் என்ன குடிக்கும் எண்டதே மறந்து போச்சோ?"

"வயசு போயிட்டு மச்சான்," என்று மாமா சிரித்தார்.

டாங்கியை நிரப்பி, கைப்பம்பை அமத்தி அமத்தி எஞ்சினுக்கு டீசலை ஏற்றினார். இந்த முறை வான் உறுமிக்கொண்டு எடுத்தது.

பிறந்தது பெண். அக்கா சுகம்.

"இவள் காணாட்டி நாங்க நடு றோட்டுல நிண்டிருப்பம்," என்று மேர்வின் அத்தான் டினோஷாவின் தலையைத் தடவினார். ஒருநாளும் அப்படிச் செய்தவரல்ல. அவள் விம்மி விம்மி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சந்தோஷமும்தான்.

ஊற்றியது அவள்.

முதலில் சாவியைத் திருப்பியபோது வான் முனகிவிட்டு அடங்கிப்போனது. பட்டறியில் கரண்ட் இல்லையென்று மாமா வேறொன்று எடுக்க வீட்டுக்கு ஓடினார். அக்கா கத்தினாள். டினோஷாவுக்குத் தெரிந்த எஞ்சின் அப்பாவின் படகு எஞ்சின் ஒன்றுதான். அது ஓடுவது மண்ணெண்ணெயில். ஆனால் முதலில் கொஞ்சம் பெற்றோல் கொடுத்தால்தான் உயிர் வரும். டீசலும் மண்ணெண்ணெய் மாதிரிக் கனத்த எண்ணெய்தானே, அதற்கும் அப்படித்தானாக்கும் என்று நினைத்தாள். எல்லோரும் அக்காவைச் சுற்றி நிற்கையில், அப்பா படகுக்கு வைத்திருந்த பெற்றோலை அப்படியே டாங்கிக்குள் கவிழ்த்துவிட்டாள்.

அதன் பிறகுதான் சுஜீவன், அக்காவின் பயத்தைப் போக்குகிறேன் என்று, வான் ஜன்னலில் தொங்கிக்கொண்டு டாங்கிக் கதை அளக்கத் தொடங்கினான். டீசல் எஞ்சினுக்குப் பெற்றோல் நஞ்சு என்பது அந்தக் கதையில்தான் வந்தது. அதே நேரம் மாமா பட்டறியைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொட்டார்.

வாழைச்சேனை வரும்வரை வழிநெடுக அவள் மாமாவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே செபம் சொன்னாள். சொந்தக்காரரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை கேட்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்ட மனுஷன். ஆண்டவரே, இவருக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

இப்போது மாமா ஆசுபத்திரி விறாந்தையில், சேறு காய்ந்த சேட்டோடு, தனியாக நின்றார்.

டினோஷா பக்கத்தில் போனாள். "மாமா, நீங்க செஞ்ச உதவிய நான் சாகும்வரைக்கும்..."

அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ எனக்கு நன்றி சொல்றதோ புள்ள? நானெல்லோ உனக்குச் சொல்லணும். நீ மட்டும் மறிச்சிருக்காட்டி, அந்தத் தாயையும் புள்ளயையும் என்ட கையாலயே..."

அவளுடைய கைகளை விட்டுவிட்டுச் சேட்டு நுனியால் முகத்தைத் துடைத்தார்.  

டினோஷா அவருடைய கண்களைப் பார்த்தாள். நனைந்திருந்தன. அதற்கு மேல் அவளால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இவர் அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, இல்லை, தானேதான் ஊற்றினேன் என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருக்கிறாரா?