நாலு சுற்றில் தேறியவள்

தாழை என்கிற இளம் நாரைக்கு நடந்த அநியாயம் இதுதான்: நாலாவது சுற்றிலேயே அவளைக் கீழே கூப்பிட்டு, "நீ தேறிட்டே" என்று சொல்லிவிட்டார்கள்.

கடல் தாண்டிப் போகும் கூட்டத்தில் சேர வேண்டுமென்றால், இளசுகள் தரையிறங்காமல் ஏரியை ஏழு முறை சுற்றியாக வேண்டும். எண்ணுகிறவர் மூக்கையன் மாமா. ஆறாவது சுற்றில் இறங்கிவிட்ட பரணி என்ற பையனை, அடுத்த வருஷம் வா என்று காலையில்தான் திருப்பி அனுப்பியிருந்தார்.

"மீதி மூணு என்னாச்சு மாமா?" என்று தாழை மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"பொம்பளப் புள்ள, இரைக்குது, பாவம்னு விட்டேன். சந்தோஷமாப் போவியா!"

"இரைச்சது எனக்கு. நான் நிறுத்தினேனா? நடுக்கடல்ல இறக்கை ஓய்ஞ்சா எங்கே உக்காருவேன், உங்க முதுகுலயா?"

கரையில் நின்ற நாரைகள் சிரித்தன. "வாய் மட்டும் எழுபது சுத்து சுத்தும்போல" என்றது ஒன்று.

தாழை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "முடியலைன்னா பரணியோட நானும் அடுத்த வருஷம் வர்றேன் மாமா. முடியாததை முடிஞ்சதுன்னு மட்டும் சொல்லாதீங்க. தள்ளுங்க, மிச்ச மூணையும் சுத்திட்டு வர்றேன்."

மூக்கையன் ஒதுங்கி வழிவிட்டார்.

"மிச்சமாவது ஒண்ணாவது! தரையைத் தொட்டுட்டே இல்ல? ஒண்ணுலேருந்து ஆரம்பி."