இரண்டு தாளிலும் ஒரே விடை

காலை வெயில் வரைபட மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. கடல் எப்போது எவ்வளவு ஏறும் என்று நாளுக்கொரு பக்கமாக அச்சிட்ட ஓத அட்டவணை விரிந்து கிடக்கிறது. பக்கம் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு காலித் தேநீர்க் குவளை. கேப்டனும் துணை அதிகாரியும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கப்பலில் அதுதான் வழக்கம். துறைமுக வாயிலின் மணல்திட்டைத் தாண்டி உள்ளே நுழைய, ஓதம் மூன்று புள்ளி இரண்டு மீட்டராவது ஏறியாக வேண்டும். தாள்களைத் திருப்புகிறார்கள். இரண்டிலும் மூன்று புள்ளி நான்கு.

"அச்சு அசலா ஒண்ணா இருக்கும்மா. கெளம்பிடலாம்," என்று கேப்டன் என்ஜின் கைப்பிடியைப் பிடிக்கிறார்.

"அப்ப மதியச் சாப்பாடு கரையிலதானே?" என்றபடி சமையல்காரர் குவளையை எடுக்கிறார். அடியிலிருந்த ஈர வட்டத்துக்குள் தேதி தெரிகிறது. துணை அதிகாரி அதன்மேல் விரலை வைக்கிறாள்.

"சார், இது நேத்துப் பக்கம். நீங்க திறந்து வச்சதுன்னு நெனச்சேன்."

"நான் நீ வச்சதுன்னுல்ல நெனச்சேன்!"

அவள் பக்கத்தைப் புரட்டிக் கூட்டிக் கழிக்கிறாள். இரண்டு புள்ளி ஒன்பது. கேப்டனின் கை கைப்பிடியிலிருந்து மெல்ல இறங்குகிறது. அவர் சமையல்காரரைப் பார்க்கிறார்.

"மதியத்துக்கும் உலை வச்சிடுங்க."