ஆழ்துளைக் கிணறு எண் மூன்று

2023 மார்ச் 14, செவ்வாய். முற்பகல் பதினொன்று இருபது. காற்றில்லாத வெயில்.

அவள் இன்னும் பேனாவின் மூடியைக் கழற்றவில்லை.

ஊராட்சித் தலைவராகி அவள் செய்த முதல் வேலை, ஆற்றங்கரையில் மூன்று ஆழ்துளைக் கிணறுகள். எதன் நீரைத் தொட்டிக்கு ஏற்றுவது என்பதை ஊர்ப் பெண்கள் தம் வழக்கப்படியே தீர்மானித்தார்கள். மூன்று அடுப்பு, மூன்று பானை, ஒரே அளவு துவரம்பருப்பு.

மூன்றாம் கிணற்று நீரில் பருப்பு முதலில் குழைந்தது.

கரண்டியில் எடுத்து உயர்த்திக் காட்டியவள் அவள்தான். குலவையிட்டார்கள்.

ஊர் அந்த நீரைக் குடிக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆயின.

நீராய்வு அலுவலர் எபநேசரின் அறிக்கை மேசைமேல் இருந்தது. லிட்டருக்கு முப்பது மைக்ரோகிராம் யுரேனியம் வரை பொறுக்கலாம். மூன்றாம் கிணற்று நீரில் நூற்றுப் பன்னிரண்டு.

"யாரும் கொண்டாந்து கலக்கலைங்கம்மா. ஒவ்வொரு வெள்ளமும் மலையிலேர்ந்து கொஞ்சங்கொஞ்சமா கொண்டாந்து விட்டுட்டுப் போயிருக்கு. அடியில இருக்குற கறுப்பு வண்டல் அதைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. தண்ணியில சோடா உப்பு மாதிரி ஒண்ணு இருக்கு, அது கரைச்சு விட்டுருச்சு."

எபநேசர் அறிக்கையை அவள் பக்கம் திருப்பினார்.

"பருப்பைக் குழைய வச்சதும் அதேதான்."

செயலர் கோதண்டம் உத்தரவை முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தார். மோட்டார் பழுது காரணமாகக் கிணறு மூடப்படுகிறது.

"அடுத்தாப்புல தேர்தல் வருது, தலைவரே. உண்மையச் சொன்னா, பருப்ப விட்டுட்டு நம்மள வேக வச்சிருவாளுவ."

அவருடைய அக்கறை பொய்யில்லை.

அவள் மூடியைக் கழற்றினாள். முதல் இரண்டு சொற்களைக் கோடிட்டு அடித்தாள். மேலே எழுதினாள்: குடிநீரில் யுரேனியம் கலந்துள்ளதன்.

வாசலில் மாசிலன் நின்றிருந்தான். மோட்டார் ஆபரேட்டர். வால்வை அடைக்க வேண்டியவன் அவன். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"எப்பேர்ந்துங்க இருக்கு?"

எபநேசர் வண்டலின் வயதைச் சொல்லத் தொடங்கினார். ஆயிரம் ஆண்டு, ஐயாயிரம் ஆண்டு.

அவன் கேட்டது அதையல்ல. அவன் மகளுக்கு இரண்டரை வயது.

"மொத நாள்லேர்ந்துப்பா," என்றாள் அவள்.

கையெழுத்திட்டாள். தேதியை இட்டாள். மை காயும்வரை பொறுத்திருந்து, எழுந்து வாசலுக்குச் சென்று, தாளை அவனிடம் நீட்டினாள்.

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

போகவில்லை.